வெயிலாச்சி கண்ணும் உடங்காட்டு வரப்பும்

உடங்காட்டு உப்பளத்தில் வரப்பெல்லாம் ஒரு பொம்பளையின் கண்ணுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பின சங்கதியை இன்றைக்கும் அங்கே போய்க் கேட்டால், வரப்பு எப்படித் திரும்பும் என்று ஒருத்தரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். யாருக்கு எத்தனை அடி போச்சு, யாருக்கு எத்தனை அடி வந்துச்சு என்றுதான் சண்டையை ஆரம்பிப்பார்கள், குடிக்கத் தண்ணீர் கேட்டு நிற்கிறவரைக்கூட மறந்துவிடுவார்கள்.

அந்தப் பொம்பளை பேர் வெயிலாச்சி. ஐம்பத்தேழு வயசு. கட்டினவன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம், பிள்ளை குட்டி இல்லை, சொந்தமாக ஒரு பாத்திகூட இல்லை. பாத்தி இல்லாததுதான் அந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே மரியாதை. ஏனென்றால் ஐப்பசி கார்த்திகை மழையில் அளத்து வரப்பெல்லாம் கரைந்து, நாற்பது குடும்பத்துப் பாத்தியும் ஒரே தண்ணீராகக் கிடக்கும். தை பிறந்து தண்ணீர் வற்றினதும் மறுபடி களிமண்ணை மிதித்து வரப்புப் போட வேண்டும். கயிறு பிடித்துப் போட்டார்கள், கயிறு யார் வீட்டுக் கயிறு என்று மண்டை உடைந்தது. டேப் பிடித்துப் போட்டார்கள், டேப்பின் நுனியை இழுத்துப் பிடித்தது யார் என்று கை உடைந்தது. கடைசியில், பாத்தி இல்லாத ஒருத்தர் மூலைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கையைக் காட்டட்டும், கை காட்டின வழியே குச்சி நடுவோம் என்று ஏற்பாடு ஆனது. கோடு பார்க்கிறது என்று அதற்குப் பேர். வெயிலாச்சி இருபத்திரண்டு வருஷமாகக் கோடு பார்த்தாள். ஒரு கண்ணை மூடுகிற வேலையும் அவளுக்கு இல்லை. இடது கண் சின்ன வயசிலேயே உப்புக்கல் தெறித்து அவிந்துபோனது. இருந்தது வலது கண் ஒன்றுதான்.

அந்த ஒன்றிலும் நாலு வருஷமாகப் புரை. உப்பு வெள்ளையை வெயிலில் பார்த்துப் பார்த்து அளத்துக்காரர்களுக்கு வருகிற புரைதான், ஆனால் மற்றவர்களுக்கு வந்தால் அவர்கள் பாடு, இவளுக்கு வந்தால் ஊர் பாடு. போன தையில் அவள் காட்டின வரப்பு மாடு மூத்திரம் பெய்த மாதிரி வளைந்து போனது. மூன்று பேருக்குத் தலையில் தையல். அதனால் உப்புச் சங்கத் தலைவரும் கிழக்குப் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய தலையுமான கொம்பையா, வெயிலாச்சி புருஷனுக்குத் தம்பி முறை, தானே கூட்டிக்கொண்டு போய்ப் பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரியில் சேர்த்தார்.

அங்கே இருந்த டாக்டரம்மா அவளை எதிரில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

“உங்க கருவிழி பந்து மாதிரி உருண்டையா இல்லம்மா. கோழிமுட்டை மாதிரி ஒரு பக்கம் அழுந்தியிருக்கு. அதையும் சேர்த்துச் சரிபண்ற லென்ஸா வைக்கிறேன். அந்த லென்ஸ்ல ஒரு கோடு இருக்கு. நான் மை வச்சுக் குறிக்கிற இடத்துலதான் அந்தக் கோடு நிக்கணும். பத்து டிகிரி திரும்பினாக்கூடப் பார்வை கோணிப் போயிரும்.”

“கோடுன்னா எனக்குத் தெரியும்மா” என்றாள் வெயிலாச்சி. “எதுக்கு உக்கார வச்சு மை வைக்கிய? படுத்துக்கிடுதேனே.”

“படுத்தா கண்ணு கொஞ்சம் உருண்டுரும். அப்போ குறிச்சா தப்பாப் போயிரும். இன்னொண்ணு கேளுங்க. கண்ணுக்குள்ள ஒரு சின்னப் பை இருக்கு. லென்ஸ் அதுக்குள்ளதான் உக்காரும். ரெண்டு மூணு வாரத்துல அந்தப் பை சுருங்கி லென்ஸைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். பிடிச்சிட்டா ஆயுசுக்கும் அசையாது. அதுவரைக்கும் கசக்கக் கூடாது, குனியக் கூடாது. ஒரு வாரம் கழிச்சு வந்து காட்டணும்.”

ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்தபோது வெயிலாச்சி தன் கைரேகையைப் பார்த்தாள், நர்சின் சட்டைப் பித்தானில் இருந்த நாலு ஓட்டையை எண்ணினாள், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் இலையெல்லாம் தனித்தனியாக இருப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் அவளுக்கு இரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நாற்பது குடும்பமும் அவள் வாசலில் நின்றது. தை பிறந்து பத்து நாளாச்சு, பக்கத்து அளத்தில் உப்பு வாரவே ஆரம்பித்துவிட்டான், இனியும் இவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. அவள் போனாள். கோடு பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு: கோடு பார்க்கிறவள் மூலைக்கல்லில் நெற்றி பட விழுந்து கிடக்க வேண்டும், மூன்று குடம் தண்ணீர் கல்லின்மேல் ஊற்றி முடிகிறவரைக்கும் எழுந்திருக்கக் கூடாது.

“குனியக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு” என்றாள்.

“டாக்டரம்மாவா வந்து இங்க உப்பு வாரப் போறா?” என்றார் கொம்பையா. “கல்லுக்குத் தலை சாய்க்காமப் பார்த்தா அது கோடா மைனி? நாளைக்கு இந்த லிங்கக்கனி ஒத்துக்கிடுவாளா?”

“ஒத்துக்கிட மாட்டேன்” என்றாள் லிங்கக்கனி. மேற்குப் பக்கத்து ஆட்களுக்கெல்லாம் அவள்தான் வாய். “எல்லாருக்கும் விழுந்து கும்பிட்டுப் போட்ட கோடு, எனக்கு மட்டும் நின்னுக்கிட்டுப் போடுவாளோ?” சொன்னதோடு நிற்கவில்லை, வெயிலாச்சியின் பிடரியில் கையை வைத்து அவளே அமுக்கினாள். கொம்பையா குடத்தைக் கவிழ்த்தார். அந்த ஒரு காரியத்தில் மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமையாக இருந்தது.

மூன்றாவது குடம் ஊற்றும்போது வெயிலாச்சியின் கண்ணுக்குள் ஏதோ ஒன்று, சாவி பாதி திரும்புகிற மாதிரி, மெல்லத் திரும்பியது. வலி ஒன்றுமில்லை. எழுந்தாள், முகத்தைத் துடைத்தாள், கையை நீட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். நூறு பாயை ஒன்றாகத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. குச்சி நடவில்லை, மண் மிதிக்கவில்லை. சேற்றுக்குள்ளிருந்து வரப்புகள் தானாக எழும்பி, இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரே கோணலாக, மொத்த அளமும் ஒரு தட்டைத் திருப்பி வைத்த மாதிரி திரும்பி நின்றன. தண்ணீரும் கூடவே திரும்பியது. தண்ணீரில் நின்ற கொக்கு ஒரு காலை மாற்றி வைத்துக்கொண்டது.

முதலில் கிழக்கே இருந்து ஒருத்தன் கேட்டான்: “அண்ணாச்சி, அப்போ மேக்க நின்ன அந்தத் தண்ணி மோட்டார் இப்போ நம்ம பாத்தியிலயா நிக்கி?”

மோட்டார் கொம்பையா பாத்தியில் நின்றது. கிழக்கு ஆட்களுக்கெல்லாம் ஆளுக்குப் பத்தடி பதினைந்தடி கூடியிருந்தது. லிங்கக்கனியின் பாத்தி ஒரு முனையில் நாலு முழம், மறுமுனையில் உப்பு வாருகிற வாருபலகையைத் திருப்ப இடமில்லை. அவள் மண்ணை வாரி வெயிலாச்சியின் முகத்துக்கு நேரே தூற்றினாள்.

“ஒத்தக் கண்ணு மூதேவி! எவ்வளவு வாங்குன அவன்கிட்ட?”

“நான் ஒண்ணும் பண்ணலட்டி. உள்ள என்னவோ திரும்பிட்டு. எனக்கே எல்லாம் கோணலாத் தெரியுது” என்றாள் வெயிலாச்சி. அது உண்மை. வேப்பமரமெல்லாம் மறுபடி பச்சைக் குழம்பாகிவிட்டது. ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் இன்னொரு ஆள் சரிந்து நின்றான். பொழுது சாய்வதற்குள் தலைவலி பிடரியைப் பிடித்தது.

அன்றிலிருந்து அளத்து வரப்பு அவள் கண்ணைக் கேட்டுத்தான் இருந்தது, ஊரும் அதற்கேற்ற மாதிரி பழகிக்கொண்டது. அவள் கண் மூடியிருந்தால் வரப்பு வெண்ணெய் மாதிரி நெகிழ்ந்துவிடும் என்று தெரிந்ததும், விடியும் முன்பே வந்து கதவைத் தட்டி, “ஏ, கண்ணைத் திற, உப்பு கலங்குது” என்று கத்த ஆரம்பித்தார்கள். மத்தியானம் அவள் தூங்கினால் வாசலில் தகரத்தைத் தட்டினார்கள். அவள் கிழக்கே நாலு தடவை கண் சிமிட்டினாள், மேற்கே மூன்று தடவைதான் சிமிட்டினாள் என்று பஞ்சாயத்துக் கூடியது. சர்வே ஆபீசிலிருந்து ஒருத்தர் படத்தோடு வந்தார்; மூலைக்கல்லும் சேர்ந்தே திரும்பியிருந்ததால் படத்தை அவரே ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கலர் சோடா குடித்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் இன்னொன்று தெரியவந்தது. வெயிலாச்சி காதில் தண்ணீர் போய்விட்டதென்று தலையை ஒரு பக்கம் சாய்த்துக் குதித்தாள். சாய்த்த அளவுக்கு அளம் மறுபக்கம் திரும்பியது, லிங்கக்கனியின் பாத்தி வாயைத் திறந்துகொண்டு அகன்றது. மேற்குப் பக்கத்தில் ஒரே கூச்சல். அரை மணி நேரத்தில் எட்டுப் பொம்பளைகள் வந்து அவளை முக்காலியில் உட்கார வைத்து, தலையைச் சாய்த்து, கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே துணி மூட்டையைத் திணித்துத் துண்டால் கட்டினார்கள். கிழக்கிலிருந்து ஆம்பளைகள் ஓடிவந்து கட்டை அவிழ்த்துத் தலையை நிமிர்த்தினார்கள். அவர்கள் போனதும் இவர்கள் வந்தார்கள். இப்படி இரண்டு நாள் அந்தத் தலை பம்பு அடிக்கிற பிடி மாதிரி சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. அளத்தில் தண்ணீர் இங்குமங்கும் அலைந்ததில் ஒரு பாத்தியிலும் உப்பு பூக்கவில்லை. அதற்கும் இவள்தான் பழி.

“கழுத்து போகுது, விடுங்க” என்றாள் ஒருதரம்.

“கழுத்து உனக்கு என்னத்துக்கு? கண்ணுக்குக் காவலாத்தானே இருக்கு” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போக வேண்டிய ஏழாம் நாள் வந்தது. ரோட்டுக்குப் போகிற ஒரே வரப்பில் கொம்பையா நாலு ஆளை நிறுத்தியிருந்தார். அவரே சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“என்னத்துக்கு மைனி அலையுதீங்க? இங்கயே ஓய்வா இருங்க. மூணு வாரம் கழியட்டும்.”

“மூணு வாரம் கழிஞ்சா பை பிடிச்சிரும்.”

“பிடிக்கட்டுமே.”

“எனக்குக் கண்ணு தெரியாதுய்யா, கொம்பையா. ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு.”

“தெரியாட்டா என்ன? நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்? ஒரு வாய் சோறு போட மாட்டோமா?” என்றார் கொம்பையா. குழம்பை அவரே சோற்றில் ஊற்றிப் பிசைந்து வைத்தார். அவள் தொடவில்லை.

ஒன்பதாம் நாள் லிங்கக்கனி பின்பக்கமாக வந்தாள். குரலை இறக்கி, “யக்கா, ஓடைக்குள்ள தோணி வச்சிருக்கேன். நான் கூட்டிட்டுப் போறேன் ஆஸ்பத்திரிக்கு” என்றாள்.

வெயிலாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. “நீயாவது சொன்னியேட்டி.”

“ஆனா டாக்டரம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். பழைய இடத்துக்குத் திருப்பினா பத்தாது. அதைத் தாண்டி இன்னும் ஒரு பத்து டிகிரி எங்க பக்கமாத் திருப்பி வைக்கச் சொல்லு. கொம்பையா ஒரு வருஷம் நாலு முழத்துல உப்பு வாரட்டும், அப்போ தெரியும்.”

“அப்பவும் எனக்குக் கோணலாத்தானே தெரியும்?”

“நீ என்ன ஊசியா கோக்கப் போற?” என்றாள் லிங்கக்கனி.

வெயிலாச்சி எழுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் அவள் ஊரை நினைத்துப் பார்த்தாள். இந்த நாற்பது வீட்டில் எத்தனை பிரசவத்துக்கு வெந்நீர் போட்டிருக்கிறாள், எத்தனை சாவுக்கு மாரடித்திருக்கிறாள். உனக்கு எப்படித் தெரியுது, வலிக்குதா என்று கேட்க அதில் ஒரு வாய் இல்லை.

பதினோராம் நாள் உச்சி வெயிலில், உப்பு வெள்ளை எல்லார் கண்ணையும் கூச வைக்கிற நேரத்தில், அவள் ஒரு மஞ்சப்பையோடு வெளியே வந்தாள். வரப்பில் நின்ற நாலு பேரும் கம்பை உயர்த்தினார்கள். அவள் தலையைச் சாய்த்தாள், யாரும் கட்டாமல், தானாக, தோளில் காது படுகிறவரை சாய்த்தாள். அளம் மொத்தமும் உறுமிக்கொண்டு திரும்பியது. காவல் நின்றவர்கள் காலடியில் இருந்த வரப்பு விலகிப்போய், நாலு பேரும் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் விழுந்தார்கள். இன்னொரு வரப்பு எங்கிருந்தோ வந்து அவள் காலடியில் தொடங்கி ரோட்டில் போய் முடிந்தது. அதன்மேல் அவள் நடந்தாள். பின்னால் நாற்பது குடும்பமும் ஓடிவந்தது. அவர்கள் ஏறின வரப்பெல்லாம் அவர்களைச் சுற்றிக்கொண்டுபோய் அவர்கள் புறப்பட்ட இடத்திலேயே விட்டது. “அறுதலி, கண்ணு அவிஞ்சு போவ!” என்று கிழக்கும் மேற்கும் ஒரே குரலில் கத்தியது பஸ் கிளம்புகிறவரை கேட்டது.

டாக்டரம்மா கருவிக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“பதினோரு டிகிரி திரும்பியிருக்கும்மா. பை பாதி பிடிச்சிட்டுது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா ரொம்பக் கஷ்டம். யாரு உங்களைக் குனிய வச்சது?”

“ஊரு” என்றாள் வெயிலாச்சி.

மேஜையில் படுக்க வைத்து, சொட்டு மருந்து விட்டு, டாக்டரம்மா ஒரு மெல்லிய கம்பியால் லென்ஸின் விளிம்பைத் தொட்டாள். இருபது மைலுக்கு அப்பால் பாய் இழுக்கிற சத்தம் வெயிலாச்சிக்குக் கேட்டது. மெல்ல, மெல்ல, சத்தம் நகர்ந்தது. ஒரு இடத்தில் லிங்கக்கனி அழுவது நின்றது. இன்னொரு இடத்தில் கொம்பையா ஏசத் தொடங்கினார். இந்த இடத்தில் நிறுத்துங்கள் என்று அவள் சொன்னால் ஒரு பக்கத்து ஆட்கள் அவளைத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள்.

“எங்க நிறுத்தணும்னு ஏதாவது சொல்லியனுப்பினாங்களா உங்க ஊருல?” என்றாள் டாக்டரம்மா சிரித்துக்கொண்டு.

“அவங்க ஆயிரம் சொல்லுவாங்க. எனக்குத் தெளிவாத் தெரியுற இடத்துல நிறுத்துங்க.”

டாக்டரம்மா குறித்த இடத்தில் நிறுத்தினாள். ஊருக்கு விட்டால் மறுபடியும் குனிய வைத்துவிடுவார்கள் என்று, பை முழுக்கப் பிடிக்கிறவரை பதினைந்து நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டாள். கடைசி நாள் மறுபடி பார்த்து, “இனிமே உங்க ஊரு தலைகீழா நின்னாலும் இது அசையாது” என்று சொல்லி அனுப்பினாள்.

வெயிலாச்சி பஸ்ஸை விட்டு இறங்கி அளத்தைப் பார்த்தாள். வரப்பெல்லாம் திரும்பியிருந்த கோணலில் இல்லை, சரி. ஆனால் பழைய இடத்திலும் இல்லை. கிழக்குப் பாத்திகள் கிழக்கே ஒதுங்கி நின்றன, மேற்குப் பாத்திகள் மேற்கே ஒதுங்கி நின்றன, நடுவே ரோட்டிலிருந்து ஊருக்குள் இருக்கிற குடிதண்ணீர்க் குழாய்வரைக்கும் பன்னிரண்டடி அகலத்துக்கு, மேடாக, காய்ந்த மண்ணாக ஒரு பாதை கிடந்தது.

அவளுக்கு அந்தப் பாதை தெரியும். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த அன்றைக்கு அதில்தான் நடந்து வந்தாள். அப்போதெல்லாம் பொம்பளைகள் அதில்தான் உப்புச் சுமந்தார்கள். பிறகு ஒவ்வொரு தையிலும், கோடு பார்க்கும்போது, ஒரு பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்து காதோரமாக “ஒரு சாண் தள்ளிக் காட்டுங்க மைனி” என்றார். மறுபக்கத்திலிருந்து ஒருத்தி வந்து “அவருக்குத் தள்ளின மாதிரி எனக்கும் யக்கா” என்றாள். அவளும் காட்டினாள். சாண் சாணாகப் பாதை ஒடுங்கி ஒரு வருஷம் இல்லாமலே போனது. அதற்குப் பிறகு ஊரே உப்புத் தண்ணீருக்குள் நடந்து நடந்து குதிகால் வெடித்தது. எல்லாவற்றையும் புரையின் தலையில் போட்டுவிடலாம் என்று பார்த்தால், புரை வந்து நாலு வருஷம்தான். மிச்சப் பதினெட்டு வருஷம் அவள் கண் நன்றாகத்தான் இருந்தது.

நாற்பது குடும்பமும் பாதையின் இரண்டு பக்கமும் அவரவர் பாத்தியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. கையில் கம்பு, மண்வெட்டி, வாருபலகை. பதினைந்து நாளில் அந்தப் பாதையோர வரப்பை அவர்கள் எத்தனையோ தடவை வெட்டிப் பார்த்துவிட்டார்கள். வெட்டின மண் காலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு ஒருத்தனைக் கோடு பார்க்க வைத்தார்கள். ஒரு வரப்பும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எல்லார் வயித்துலயும் அடிச்சிட்டு வாறியே, நீ நல்லாயிருப்பியா?” என்றாள் லிங்கக்கனி.

“கண்ணைத் தோண்டி எறியுங்கலே!” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

“எறிஞ்சிட்டு?” என்றார் கொம்பையா, திரும்பாமலே. “அவ கண்ணு போனா வரப்பே கிடையாது. உன் பாத்தி எங்கன்னு எங்க போய்த் தேடுவ?” பிறகு வெயிலாச்சியைப் பார்த்து, “ஒரு அடி உள்ள வச்சீங்கன்னா காலை முறிச்சிருவேன் மைனி” என்றார்.

அவள் மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதையில் காலை வைத்தாள்.

கொம்பையா கம்பை ஓங்கிக்கொண்டு வரப்பின்மேல் ஏறி, பாதையில் இறங்கக் காலைத் தூக்கினார். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து லிங்கக்கனி அலறினாள்: “பார்த்தீங்களா, இறங்குதான் பாரு! அடிக்கிற சாக்குல இடத்தைப் பிடிக்கான்!” மேற்கே இருபது மண்வெட்டி எழுந்தது. கொம்பையா தூக்கின காலைத் தூக்கினபடியே நின்று, மெதுவாகத் தன் பாத்திக்குள்ளேயே வைத்துக்கொண்டார். லிங்கக்கனி கல்லோடு முன்னால் வந்தாள். “ஏட்டி, எல்லையைத் தாண்டின, கை இருக்காது” என்றது கிழக்கு. அவளும் நின்றுவிட்டாள்.

அந்தப் பாதையில் முதல் காலை எதிராளி வைத்துவிடக் கூடாது என்று நாற்பது குடும்பமும் ஒன்றையொன்று காவல் காத்துக்கொண்டு நின்றது. எறிய நினைத்த கல்லைக்கூட, அது விழுந்த இடத்தை நாளைக்கு யாராவது உரிமை கேட்பார்கள் என்று, கையிலேயே வைத்துக்கொண்டார்கள். வெயிலாச்சி நடுவில் நடந்தாள். அவசரப்படாமல் நடந்தாள். கிழக்கே இருபது முகம், மேற்கே இருபது முகம். புருவத்து முடி, உதட்டோரத்து எச்சில், கம்பைப் பிடித்த விரலில் உப்பு அரித்த வெடிப்பு, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. நாலு வருஷமாக அவள் நிதானமாகக் காணாத முகங்கள். ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள்.

“என்ன முறைக்க?” என்றான் ஒருத்தன்.

“முறைக்கலய்யா, பார்க்கேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த முகத்துக்குப் போனாள்.